எந்தப் பேட்டையில் என்ன ஆட்டம்?

ஏப்ரல், மே மாதங்களில் சேப்பாக்கம் பக்கம் போகிறவருக்குச் சென்னைக்காரர்கள் எல்லோரும் மஞ்சள் சட்டையோடுதான் பிறந்தார்கள் என்று தோன்றும். மெட்ரோவிலும் பறக்கும் ரயிலிலும் வாலாஜா சாலை நடைபாதைக் கடைகளிலும் ஏழாம் நம்பர் பனியன்தான். செஸ் தலைநகர் என்ற பேரும் ஊருக்கு ஏற்கெனவே உண்டு. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனைத் தோற்கடித்து 18 வயதில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனதும் அந்தப் பேர் இன்னும் அழுத்தமாக ஒட்டிக்கொண்டது.

இதெல்லாம் சரிதான். ஆனால் சென்னையை ஒரே ஊராக நினைத்துக்கொண்டு அதன் விளையாட்டைப் பேசினால் பாதிக்கு மேல் விட்டுப்போகும். புதுவண்ணாரப்பேட்டையில் கேரம், வியாசர்பாடியில் கால்பந்து, ராயபுரம் பக்கம் குத்துச்சண்டை, நுங்கம்பாக்கத்தில் டென்னிஸ், மாம்பலத்தில் கிரிக்கெட், கண்ணகி நகரில் கபடி என்று பேட்டைக்குப் பேட்டை ஆட்டம் மாறும். இதற்கு ரத்தம், மரபு, மண்வாசனை என்று பலர் காரணம் சொல்வார்கள். என் கணக்கு அதைவிடச் சாதாரணமானது. அந்தப் பேட்டைக்கு ஆட எவ்வளவு இடம் கிடைத்தது, ஆடினால் வேலை கிடைக்குமா, இந்த இரண்டு கேள்விகளையும் பிடித்துக்கொண்டால் ஊரின் விளையாட்டு வரைபடம் பெருமளவு புரிந்துவிடும்.

முதலில் கிரிக்கெட். வெள்ளைக்காரர்கள் 1846-ல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்தான் இங்கே ஆட்டத்தின் ஆரம்பம். பின்னால் அது சேப்பாக்கத்தில் நிலம் பிடித்து உட்கார்ந்தது. இந்தியர்களுக்கு அந்த கிளப்பில் சம மரியாதை இல்லை என்ற கடுப்பில்தான் புச்சி பாபு நாயுடு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை உருவாக்கினார் என்று சொல்வார்கள். உள்ளூர்ப் பசங்களுக்கு மட்டையும் பந்தும் வாங்கிக் கொடுத்து, ஆடச் சொல்லிக் கொடுத்தவர் அவர். வெள்ளையர் அணிக்கும் இந்தியர் அணிக்கும் போட்டி வைக்க ஏற்பாடு செய்துவிட்டு, அது நடப்பதற்குள் 1908-ல் இறந்துபோனார். பின்னாளில் அது பொங்கலை ஒட்டி நடக்கும் பிரசிடென்சி மேட்ச் ஆகி, சுதந்திரத்துக்குப் பிறகும் சில வருடம் நீடித்தது. இன்றும் சீசன் தொடங்கும் முன் நடக்கும் புச்சி பாபு போட்டிகள் அவர் நினைவில்தான்.

சேப்பாக்கத்தின் மற்ற பெருமைகளை வேகமாகச் சொல்லிவிடலாம். 1934 பிப்ரவரியில் முதல் டெஸ்ட். அதே ஆண்டு நவம்பரில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம்: மெட்ராஸும் மைசூரும் மோதி ஒரே நாளில் முடிந்துவிட்டது, ஏ. ஜி. ராம் சிங் 11 விக்கெட் எடுத்தார். 1952-ல் இங்கிலாந்தை வீழ்த்தி இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் இதே மைதானத்தில்தான், வினு மன்கட் 12 விக்கெட். 1986-ல் ஆஸ்திரேலியாவுடன் டை, அதாவது இரண்டு அணிக்கும் சமமான ரன். 1999-ல் சச்சின் 136 அடித்தும் 12 ரன்னில் தோற்ற பிறகு, பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. 'விவரமான சென்னை ரசிகர்' என்ற பட்டம் நிலைத்தது அன்றைக்குத்தான். அந்தப் பட்டத்தை நாமே கொஞ்சம் அதிகமாகச் சொல்லிக்கொள்கிறோம் என்பது என் அபிப்பிராயம். 2018-ல் காவிரிப் போராட்டத்தின்போது சிஎஸ்கே ஆட்டத்தில் மைதானத்துக்குள் செருப்பு பறந்து, மிச்ச உள்ளூர் ஆட்டங்களைப் புனேவுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. கைதட்டியதும் இந்த ஊர்தான், செருப்பு வீசியதும் இந்த ஊர்தான். 2011 உலகக் கோப்பையை ஒட்டிப் புதிதாகக் கட்டிய ஐ, ஜே, கே கேலரிகள் கட்டட விதிச் சிக்கலில் மாட்டிப் பல ஆண்டுகள் காலியாகவே கிடந்ததையும் 'விவரமான' நாம் பொறுத்துக்கொண்டோம்.

டிவியில் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. சென்னை கிரிக்கெட்டைத் தாங்கிப் பிடித்தது சேப்பாக்கம் அல்ல, லீக். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் நடத்தும் இந்த லீக்கில் முதல் டிவிஷனில் தொடங்கிக் கீழே பல டிவிஷன்கள் உண்டு. கல்லூரி மைதானம், ரயில்வே மைதானம், கம்பெனி மைதானம் என்று வாரக்கடைசியில் ஊர் முழுக்க வெள்ளைச் சட்டைகள் நிற்கும். பார்க்க வருகிறவர்கள் சொற்பம், பெரும்பாலும் அப்பாக்களும் ரிட்டையர் ஆனவர்களும்தான். அணிகளை வைத்திருப்பது சிமென்ட், டயர், பிஸ்டன், ரசாயனக் கம்பெனிகளும் வங்கிகளும். இருபது வயதில் நன்றாக ஆடுகிற பையனுக்குக் கம்பெனி வேலை கொடுக்கும். அவன் காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியம் நெட்ஸுக்குப் போவான். ரஞ்சி வரை போகாவிட்டாலும் சம்பளம் நிற்காது. டிகிரி முடித்ததும் 'என்ன பண்ணப் போற?' என்று கேட்கிற நடுத்தரக் குடும்பங்களில் கிரிக்கெட் பிழைத்ததற்கு இதுதான் காரணம். படிப்பைக் கெடுக்கிற ஆட்டமாக இருந்தது, வேலை வாங்கித் தருகிற ஆட்டமாக மாறியது. 1987-ல் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லியைக் கூட்டிவந்து எம்ஆர்எஃப் வேகப்பந்துப் பயிற்சி மையம் தொடங்கியதும், 2008-ல் இந்தியா சிமென்ட்ஸ் சென்னை சூப்பர் கிங்ஸை வாங்கியதும் இந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

லீக்கிற்குக் கீழே தெரு. மேற்கு மாம்பலம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் தெருக்களில் ஆடிய கிரிக்கெட்டுக்குத் தனிச் சட்டப் புத்தகமே போடலாம். ஸ்டம்புக்குப் பதில் சுவரில் மூன்று கரிக்கோடு. முதல் பந்து 'ட்ரையல் பால்', அதில் அவுட் கிடையாது. தடுப்புச் சுவரில் பட்டு வந்தால் ஒற்றைக் கையில் பிடிக்கலாம். ஒரு பிட்ச் விழுந்து கையில் வந்தாலும் கேட்ச். ரன் அதிகம் கொடுக்கிறவனுக்கு மூன்று பந்தோடு 'பேபி ஓவர்'. ஆள் ஒற்றைப்படையாக இருந்தால் ஒருவன் இரண்டு பக்கமும் ஆடும் ஜோக்கர். பக்கத்து வீட்டுக்குள் நேராகப் போனால் சிக்ஸர் கிடையாது, அவுட். அடித்தவனே போய், அந்த வீட்டு மாமியிடம் திட்டு வாங்கி, பந்தை எடுத்து வர வேண்டும். இந்த விதிகளைக் கூர்ந்து பார்த்தால் ஒவ்வொன்றும் இடப் பற்றாக்குறைக்குக் கண்டுபிடித்த வைத்தியம் என்பது தெரியும். உயரத் தூக்கி அடித்தால் அவுட் என்பதால் பந்தைத் தரையோடு தள்ளப் பழகுவான். பதினைந்து அடி அகலத் தெருவில் வேகமாக ஓடிவந்து போட முடியாது என்பதால் விரலைத் திருப்பப் பழகுவான். மாம்பலத்துத் தெருக்களிலிருந்து அஸ்வின் மாதிரி ஒரு சுழற்பந்து வீச்சாளர் வந்ததில் ஆச்சரியம் இல்லை. இப்போது அந்தத் தெருக்களின் இரண்டு பக்கமும் கார் நிற்கிறது. கரிக்கோடு போட்ட சுவர்கள் அபார்ட்மென்ட் கேட் ஆகிவிட்டன.

பேசின் பாலத்தைத் தாண்டினால் கணக்கு மாறுகிறது. வட சென்னையில் துறைமுகம், ரயில்வே பட்டறை, 1996-ல் மூடிய பி அண்ட் சி துணி மில், அதைச் சுற்றி நெருக்கமான குடியிருப்புகள். தெருவே வீட்டின் கூடமாக இருக்கிற இடத்தில் கிரிக்கெட்டுக்குக்கூட இடம் குறைவு. அங்கேதான் கேரம் வேர் பிடித்தது. போர்டின் ஆடும் பரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம், அதாவது இரண்டரை அடிக்கும் கொஞ்சம் குறைச்சல். நான்கு பேர் உட்கார இடம் இருந்தால் போதும்.

கேரம் மன்றங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை, சுவரில் தலைவர் படங்கள், போர்டுக்கு நேர் மேலே தகரத் தொப்பி போட்ட ஒரு பல்பு. வெளிச்சம் போர்டைத் தாண்டிச் சிந்தாது, ஆடுகிறவரின் முகம் பாதி இருட்டில் இருக்கும். பவுடரைத் தூவி உள்ளங்கையால் பரப்பி, அதிகமானதை ஊதித் தள்ளிவிட்டு ஸ்டிரைக்கரை வைப்பார்கள். 'ரெட்' போட்டால் கூடவே ஒரு காயின் ஃபாலோ போட வேண்டும், இல்லாவிட்டால் ரெட் திரும்பிப் போர்டுக்கு வரும். சுற்றி நிற்கும் ஏழெட்டுப் பேரும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். மில் ஷிஃப்ட் முடிந்து வந்தவர், ஆட்டோவை ஓரம் கட்டியவர், வேலை தேடுகிற பையன் எல்லோரும் ஒரே போர்டில் ஆடுவார்கள்.

இந்தச் சூழலிலிருந்துதான் உலகச் சாம்பியன்கள் வந்தார்கள். மரியா இருதயம் இரண்டு முறை உலகப் பட்டமும் ஒன்பது முறை தேசியப் பட்டமும் வென்றவர். 1996-ல் கேரமுக்கு முதல் அர்ஜுனா விருதை வாங்கித் தந்தவர். வியாசர்பாடியின் இளவழகி உலகச் சாம்பியன் ஆனார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் புதுவண்ணாரப்பேட்டையின் காசிமா, ஒற்றையர், இரட்டையர், குழு என மூன்று தங்கம் வென்றார்; அப்பா ஆட்டோ ஓட்டுநர், பயிற்சியாளரும் அவரே. மன்றம் என்பது நேற்றுவரை ஆண்கள் கூடும் இடம். அதற்குள் ஒரு பெண் பிள்ளை போய் ஆட வேண்டுமானால், கூட்டிப்போய் உட்கார வைக்க வீட்டில் ஒருவர் வேண்டும்.

அப்புறம் குத்துச்சண்டை. துறைமுகத்து வெள்ளைக்காரர்களையும் ஆங்கிலோ இந்தியர்களையும் பார்த்துக் கற்றுக்கொண்ட ஆட்டம் இது. வட சென்னைச் சுவரொட்டிகளில் இதற்கு 'ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை' என்று பெயர். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் எனப் பரம்பரைகள் இருந்தன. ரத்த உறவு வேண்டியதில்லை, யாரிடம் கற்றாயோ அவர்கள் பரம்பரை நீ. கித்தேரி முத்து என்ற வீரரின் பெயரை இன்றும் பழைய ஆட்கள் மரியாதையோடு சொல்வார்கள். மூட்டை தூக்குகிறவர்களும் மீனவர்களும் டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்து பார்த்த ஆட்டம், பரிசுப் பணமும் ஓடிய ஆட்டம். 1980-ல் முகமது அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்தில் எம்ஜிஆர் முன்னிலையில் கண்காட்சிச் சண்டை போட்டபோது கூட்டம் எப்படித் திரண்டது என்பது இந்தப் பின்னணி தெரிந்தால்தான் புரியும். பரம்பரை மோதல்கள் பிறகு மங்கின. மிஞ்சியவர்கள் அமெச்சூர் குத்துச்சண்டைக்குத் திரும்பினார்கள், ஏனென்றால் அங்கே மெடல் இருந்தது, மெடலுக்குப் பின்னால் ரயில்வேயிலும் போலீஸிலும் வேலை இருந்தது.

இந்த 'ஸ்போர்ட்ஸ் கோட்டா' வேலையைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. ரயில் பெட்டி செய்யும் ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, சுங்கத்துறை, வருமான வரித்துறை, இந்தியன் வங்கி, போலீஸ் என்று சென்னையில் விளையாட்டு அணி வைத்திருந்த அலுவலகங்கள் எக்கச்சக்கம். வாலிபால், கபடி, கால்பந்து, ஹாக்கி ஆடிய ஏழை வீட்டுப் பையன்களுக்கு நிரந்தரச் சம்பளம் என்ற உலகத்துக்குள் நுழையக் கிடைத்த கதவு அது. வியாசர்பாடியில் ஒரு அண்ணன் ரயில்வேயில் சேர்ந்தால் அடுத்த நாள் அந்தத் தெருவில் பத்துப் பையன்கள் பந்தோடு நிற்பார்கள். 'குட்டி பிரேசில்' என்று பத்திரிகைகள் எழுதுகிற அந்தப் பகுதியில் பிரேசில் மோகமும் உண்டு, உலகக் கோப்பை நேரத்தில் சுவரெல்லாம் மஞ்சளும் பச்சையும்தான். இருந்தாலும் அதிகாலையில் பையனை எழுப்பி மைதானத்துக்கு அனுப்புகிற அம்மாவின் மனதில் இருப்பது நெய்மார் இல்லை, கோட்டாவில் ஒரு வேலை. தனபால் கணேஷ் அங்கிருந்து 'சென்னையின் எஃப்சி' என்ற கால்பந்து அணி வரை போனார். அந்த அணி 2015-லும் 2018-லும் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பையை வென்றது. ஆனால் வங்கிகளும் பொதுத்துறையும் ஆள் எடுப்பதைக் குறைத்த பிறகு அந்தக் கதவு ஒருக்களித்துத்தான் திறக்கிறது. மாநில அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பது கொஞ்சம் ஆறுதல்.

செஸ்ஸுக்கு வருவோம். போர்டு கேரம் போர்டைவிடச் சின்னது. இடம்தான் எல்லாம் என்றால் வட சென்னை கிராண்ட்மாஸ்டர்களால் நிரம்பியிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை. செஸ் வளர்ந்த கதை வேறு. 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆன மானுவேல் ஆரோன் போட்ட விதை அது. சோவியத் கலாச்சார மையத்தில் நடந்த தால் செஸ் கிளப்பில்தான் சிறுவன் ஆனந்த் வேக ஆட்டம் கற்றார். அங்கே தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும், ஜெயித்தவர் உட்கார்ந்தே ஆடலாம். எழுந்திருக்கப் பிடிக்காத பையன் வேகமாக யோசிக்கக் கற்றுக்கொண்டான். 1988-ல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதும் நடுத்தர வீடுகளில் செஸ் ஒரு படிப்பு மாதிரி ஆனது: டியூஷன் உண்டு, ரேட்டிங் என்ற மார்க் உண்டு, கிராண்ட்மாஸ்டர் என்ற டிகிரி உண்டு. வேலம்மாள் போன்ற பள்ளிகள் ஆடுகிற பிள்ளைகளுக்கு வகுப்பிலிருந்து விடுப்பும் சலுகையும் கொடுத்தன. பிரக்ஞானந்தா, வைஷாலி, குகேஷ் எல்லோரும் அந்த ஏற்பாட்டில் வளர்ந்தவர்கள். ரஷ்யாவில் நடக்க வேண்டிய செஸ் ஒலிம்பியாட் 2022-ல் மாமல்லபுரத்துக்கு வந்தபோது நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டார்கள்.

ஆக இரண்டு போர்டுகளுக்கும் உள்ள வித்தியாசம் ஏணியில் இருக்கிறது. செஸ்ஸில் ஒவ்வொரு படிக்கும் ஒரு எண் உண்டு, ஸ்பான்சர் உண்டு. அதே சமயம் நார்ம் (கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்குப் போட்டிகளில் காட்ட வேண்டிய தகுதி) வாங்க ஐரோப்பா போய்வர லட்சங்கள் வேண்டும், மாதக்கணக்கில் கூடவே போகப் பெற்றோரில் ஒருவர் வேண்டும். குகேஷின் அப்பா மருத்துவத் தொழிலையே ஓரம் கட்டிவிட்டு மகனோடு ஊர் ஊராகச் சுற்றினார். கேரமில் ஆடச் செலவு கிடையாது, ஜெயித்த பிறகு ஏற ஏணியும் கிடையாது. ஒலிம்பிக்கில் இல்லை, டிவியில் இல்லை. காசிமாவுக்கு அரசு 1 கோடி ரூபாய் கொடுத்தது பெரிய விஷயம். ஆனால் அது உலகத்தையே ஜெயித்த பிறகு வந்தது.

தென் பகுதியின் டென்னிஸ், ஸ்குவாஷ் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதி ஆடியவர், அப்புறம் அமிர்தராஜ் சகோதரர்கள், நுங்கம்பாக்கத்தில் 2017 வரை ஜனவரி தோறும் நடந்த சென்னை ஓப்பன். அந்தப் போட்டி புனேவுக்குப் போனபோது வருத்தப்பட்டவர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் எல்லோரும் பத்திரிகையில் எழுதுகிறவர்கள்.

கிண்டி குதிரைப் பந்தயம் மட்டும் ஒரு விசித்திரக் கிளைக்கதை. 1974-ல் அரசு அதைத் தடை செய்யச் சட்டம் போட்டது. 1996-ல் உச்ச நீதிமன்றம், பந்தயம் சூதாட்டம் இல்லை, திறமை சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. ஆன்லைன் ரம்மிக்காரர்கள் இன்றும் நீதிமன்றத்தில் தூக்கிப் பிடிப்பது அந்தத் தீர்ப்பைத்தான். குத்தகை பாக்கித் தகராறில் 2024-ல் அந்த 160 ஏக்கரை அரசு எடுத்துக்கொண்டது.

இடத்தின் கதை இன்னும் தொடர்கிறது. ஊருக்குள் கூவம் கரையிலும் மற்ற இடங்களிலும் இருந்த குடிசைப் பகுதிகளை எடுத்து, மக்களைத் துரைப்பாக்கம் பக்கம் கண்ணகி நகருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வேலைக்கும் பள்ளிக்கும் வெகு தூரம், பேரைச் சொன்னாலே வேலை தர யோசிக்கிறார்கள் என்பது அங்குள்ளவர்களின் பழைய குறை. அந்த இடத்தில் கபடி வளர்ந்தது. பெண்கள் கபடிக்கு 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் போதும். ஷூ வேண்டாம், மட்டை வேண்டாம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியின் துணை கேப்டன் கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண். அதுவரை போலீஸ் செய்தியில் மட்டும் வந்த பேட்டையின் பெயர் விளையாட்டுப் பக்கத்தில் வந்தது. பேட்டையின் பெயரோடு சேர்த்துத்தான் தன்னைச் சொல்ல வேண்டும், 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றே சொல்லுங்கள் என்று அவர் நின்றதை ஊரே பேசியது.

இதற்கு நடுவே ஊரின் புது ஆட்டக்களம் 'டர்ஃப்'. ஓஎம்ஆரிலும் வேளச்சேரியிலும் காலி மனைகளில் பச்சைப் பிளாஸ்டிக் புல் விரித்து, வலை கட்டி, மணிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாங்குகிறார்கள். ஐடி வேலை முடித்து ராத்திரி பதினோரு மணிக்கு ஆட வருகிறவர்களுக்கு அது பெரிய வசதி, பணத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சியும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தது: தனது 9 செயற்கைப் புல் கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் விட்டு, ஒரு ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று மாமன்றக் கூட்டத்தில் தீர்மானம் போட்டது. பக்கத்துக்கு ஏழு பேர் என்று ஆடினால் ஒரு மணி நேரத்துக்கு 1,680 ரூபாய். எதிர்ப்பு கிளம்பியதும் சீக்கிரமே தீர்மானத்தை வாபஸ் வாங்கி, மைதானங்கள் இலவசம்தான் என்று அறிவித்தார்கள். இலவசமான மைதானத்திலும் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை யாருக்கு என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. ஃபீஸ் வாங்கிப் பயிற்சி கொடுக்கும் அகாடமிகளும் அந்தத் தெருப் பையன்களும் கேட்பது அதே இரண்டு மணி நேரத்தைத்தான்.